முன்னவரை மறந்துவிட்டு ஆள் தேடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

(அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணிகள் தலைமைப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் நெடுங்காலமாக வசிக்கும் எங்கள் விளையாட்டுப் பகுதி எழுத்தாளர் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: என் மகன் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்திருக்கிறான். எப்போது பேசினாலும், "இங்கே எல்லோரும் கோச்சைப் பற்றித்தான் பேசுகிறார்கள்" என்கிறான். படிக்கப் போன இடத்தில் ஒரு விளையாட்டுப் பயிற்சியாளருக்கு அப்படி என்ன முக்கியத்துவம்?
— ஒரு தாய், திருச்சி

பதில்: உங்கள் மகன் மிகைப்படுத்தவில்லை, அம்மா. இங்கே கால்பந்து என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு முட்டி மோதி ஓடும் ஆட்டம். நெப்ராஸ்காவில் பெரிய தொழில்முறைக் கால்பந்து அணி கிடையாது. ஆகவே மாநிலத்தின் பாசம் முழுவதும் பல்கலைக்கழக அணியின் மேல்தான். 1962 முதல் இந்த அரங்கில் எல்லா ஆட்டங்களுக்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்துவிடுகிறது. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையில் அரங்குக்குள் இருக்கும் கூட்டத்தைக் கணக்கிட்டால், அதுவே மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம் என்பார்கள்.

வீரர்கள் நான்கைந்து ஆண்டுகளில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நிலைத்து நிற்பவர் பயிற்சியாளர்தான். பதினெட்டு வயதுப் பையன்களின் வீடு தேடிப் போய், அவர்களின் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேசி, "உங்கள் பிள்ளையை என்னிடம் விடுங்கள்" என்று கேட்பவரும் அவர்தான். நூறு பேருக்கு மேற்பட்ட அணி, பத்துக்கும் மேற்பட்ட உதவிப் பயிற்சியாளர்கள், பல கோடி டாலர் வருமானம் எல்லாம் ஒரே ஆளின் தலையில். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரில் முதலிடம் ஆளுநருக்கு அல்ல, கல்லூரிப் பயிற்சியாளருக்கு. இப்படி ஒருவரைத் தேர்ந்தெடுப்பதில் பிசகினால் ஐந்தாறு ஆண்டுகள் போய்விடும். ஊர் பேசாமல் என்ன செய்யும்?

கேள்வி: பயிற்சியாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? முறையான நேர்காணல் உண்டா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: பொறுப்பு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநருடையது. அவருக்கு மேலே பல்கலைக்கழகத் தலைவர், ஆட்சிக்குழு. பக்கத்தில், பெயர் வெளியே வராமல், பெரும் நன்கொடையாளர்கள். ஆள் தேடித் தருவதற்கென்றே தனி நிறுவனங்களும் இருக்கின்றன.

நேர்காணல் உண்டு, நேரம்தான் இல்லை. ஆட்டப் பருவம் நவம்பர் கடைசியில் முடிகிறது. பள்ளி வீரர்கள் கல்லூரியில் சேரக் கையெழுத்திடும் நாள் டிசம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. நாற்காலி காலியாக இருந்தால் பையன்கள் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார்கள். இந்த அவசரத்தில் அடிப்படை விசாரிப்புகூட விட்டுப்போவது உண்டு. 2001 டிசம்பரில் நோட்ர டேம் பல்கலைக்கழகம் ஜார்ஜ் ஓ'லீரியை நியமித்தது. அவருடைய தன்விவரக் குறிப்பில் இருந்த முதுகலைப் பட்டம் பொய் என்று தெரிந்தது. ஐந்தே நாளில் பதவி விலகினார். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு அவர் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறார் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

கேள்வி: ஒரு காலத்தில் நாட்டையே ஆண்ட நெப்ராஸ்கா அணி, பயிற்சியாளர் விஷயத்தில் மட்டும் ஏன் திரும்பத் திரும்பத் தடுமாறியது?
— ஒரு வாசகர், ஒமாஹா

பதில்: இந்தக் கேள்விக்கு நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும்.

டாம் ஆஸ்போர்ன் 1973 முதல் 1997 வரை பயிற்சியாளராக இருந்தார். 255 வெற்றிகள், 1994, 1995, 1997 என மூன்று தேசியப் பட்டங்கள். எந்தப் பருவத்திலும் ஒன்பது வெற்றிக்குக் குறைந்ததே இல்லை. அவருடைய உதவியாளர் ஃபிராங்க் சோலிக் அடுத்து வந்தார். ஆறு ஆண்டுகளில் 58 வெற்றி, 19 தோல்வி. 2001 பருவத்தில் தேசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டம் வரை அணியைக் கொண்டுபோனார். 2003இல் ஒன்பது ஆட்டங்களை வென்ற பிறகு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தவறு அங்கே தொடங்கியது என்பது என் உறுதியான கருத்து. அவரை நீக்கியதைவிட, அடுத்த ஆளைத் தேடிய விதம்தான் பெரிய தவறு. சோலிக் இதே அணியில் ஆடிய நம் ஆள், பந்தை ஏந்தி ஓடும் பழைய பாணிக்காரர். ஆகவே வெளியூர்க்காரர் வேண்டும், பந்தை வீசி ஆடும் புதுப் பாணி வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் என்ற தொழில்முறை அணியை, அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வரை கொண்டுசென்ற பில் கேலஹான் வந்தார். முதல் ஆண்டே ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. 1961க்குப் பிறகு நெப்ராஸ்கா வெற்றியைவிட அதிகம் தோற்ற முதல் பருவம் அது. 2007இல் கான்சஸ் அணி எங்கள்மேல் 76 புள்ளிகள் குவித்தது. தடுப்பாட்டமே இல்லை என்று ஊர் கொதித்தது.

உடனே தடுப்பாட்டத்தில் பெயர் பெற்ற, கனல் கக்கும் போ பெலினியைக் கொண்டுவந்தார்கள். ஏழு பருவங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்பதுக்குக் குறையாத வெற்றிகள். ஆனால் கோபக்காரர், ரசிகர்களையே அவர் திட்டிய ஒலிப்பதிவு ஒன்று 2013இல் வெளியே வந்தது. 2014இல் அவரை நீக்கிவிட்டு யாரைத் தேடினார்கள்? நாட்டிலேயே மிக இனிமையான மனிதர் என்று பெயர் வாங்கிய மைக் ரைலியை. மூன்று ஆண்டுகள்: 19 வெற்றி, 19 தோல்வி. ரைலி இந்த மண்ணை அறியாதவர் என்று குறைபட்டோம். 2017 டிசம்பரில் மண்ணின் மைந்தன் ஸ்காட் ஃப்ராஸ்ட் வந்தார். வுட் ரிவர் என்ற சிற்றூர்ப் பையன், 1997 பட்டம் வென்ற அணியின் குவார்ட்டர்பேக், அதாவது களத்தில் ஆட்டத்தை நடத்தும் வீரர்.

வரிசையைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் முன்னவரிடம் பிடிக்காமல் போன ஒரு குணத்துக்கு நேர் எதிரானவரைத் தேடியிருக்கிறார்கள். மூத்த மாப்பிள்ளை முன்கோபி என்பதற்காக, இளையவளுக்கு வாயே திறக்காத மாப்பிள்ளை பார்க்கும் குடும்பத்தைப் போல. அவருக்கு வேலை தெரியுமா, இந்த வீட்டுக்குப் பொருந்துவாரா என்ற கேள்விகள் பின்னால் போய்விடுகின்றன.

ஃப்ராஸ்ட் விஷயத்தில் எல்லாமே சரியாகத் தெரிந்தது உண்மை. மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் கிடந்தது. அவர் போன இரண்டாம் ஆண்டில் ஒரு தோல்வியும் இல்லாமல் 13 வெற்றி. ஆனால் தலைமைப் பொறுப்பில் அவருக்கு இருந்தது அந்த இரண்டு ஆண்டு அனுபவம் மட்டுமே. தோல்வியில் சிக்கிய அணியை மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு எப்படி நடத்துவார் என்று யாருக்கும் தெரியாது. ஏக்கம் கண்ணை மறைத்ததால் கேட்கவும் இல்லை.

விடை 2021இல் கிடைத்தது. மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. அந்த ஒன்பதும் ஒன்பது புள்ளிகளுக்குள் தோற்றவை. திறமை இல்லாத அணி அப்படித் தோற்காது. கடைசிப் பத்து நிமிடத்தை நடத்தத் தெரியாத அணிதான் அப்படித் தோற்கும். 2022 முதல் ஆட்டம் அயர்லாந்தின் டப்ளினில், நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக. மூன்றாம் கால்பகுதியில் நாங்கள் 28–17 என்று முன்னிலை. அடுத்து பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் கொடுப்பதுதான் வழக்கம். ஃப்ராஸ்ட், குட்டையாக உதைத்து நாமே பிடித்துக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டார். பந்து எதிரணி கையில் சிக்கியது. ஆட்டம் அங்கேயே திரும்பியது. 31–28 என்று தோற்றோம். இரண்டு வாரம் கழித்து, ஜார்ஜியா சதர்ன் என்ற சிறிய அணியிடம் சொந்த அரங்கில் 45–42. மறுநாளே ஃப்ராஸ்ட் நீக்கப்பட்டார். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அவருக்குத் தரவேண்டிய இழப்பீடு ஒன்றரைக் கோடி டாலரிலிருந்து பாதியாகக் குறைந்திருக்கும். அதற்குக்கூடப் பொறுமை இல்லாத அளவுக்கு ஊர் மனம் உடைந்திருந்தது.

அடுத்து வந்த மேட் ரூல், டெம்பிள், பேய்லர் என்று சரிந்து கிடந்த இரண்டு கல்லூரி அணிகளைத் தூக்கி நிறுத்தியவர். பேய்லரில் முதல் ஆண்டு ஒரே வெற்றி, மூன்றாம் ஆண்டு 11. ஃப்ராஸ்டுக்கு எதிர்ப்பதம் தேடாமல், செய்து காட்டிய வேலையைப் பார்த்து இங்கே ஆள் எடுத்தது நெடுநாளுக்குப் பிறகு அப்போதுதான். 2016க்குப் பிறகு 2024இல்தான், போதிய வெற்றி பெற்ற அணிகளுக்குப் பருவ முடிவில் நடக்கும் பௌல் ஆட்டத்துக்குத் தகுதி பெற்றோம். பாஸ்டன் கல்லூரியை வென்றோம். பழைய உயரம் இன்னும் வெகு தூரம், ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: அலபாமா நிக் சேபனைத் தேர்ந்தெடுத்தது தொலைநோக்கா, அதிர்ஷ்டமா?
— ஒரு மாணவர், அட்லாண்டா

பதில்: இரண்டும்தான், தம்பி. 2006 டிசம்பரில் அலபாமா முதலில் வேலை தர முன்வந்தது வெஸ்ட் வர்ஜீனியாவின் ரிச் ரோட்ரிகஸுக்கு. அவர் மறுத்துவிட்டார். மியாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணியில் இருந்த சேபனோ, தான் அலபாமா பயிற்சியாளராகப் போவதில்லை என்று செய்தியாளர்களிடம் அறிவித்துவிட்டார். அப்படிச் சொல்லிச் சில நாட்களே ஆன நிலையில், 2007 ஜனவரித் தொடக்கத்தில் விளையாட்டுத் துறை இயக்குநர் மால் மூர் நேரில் பறந்துபோய்ப் பேசி அழைத்து வந்தார். அந்த விடாப்பிடியை நான் மெச்சுகிறேன்.

முதல் ஆண்டு ஏழு வெற்றி, ஆறு தோல்வி. லூசியானா–மன்ரோ என்ற சிறிய அணியிடம் சொந்த மண்ணில் தோற்றார்கள். அன்று ஊர் வாய்க்குப் பயந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2009இல் தேசியப் பட்டம். 2024 ஜனவரியில் ஓய்வு பெறும்போது அலபாமாவுக்கு மட்டும் ஆறு பட்டங்கள் சேர்ந்திருந்தன.

ரோட்ரிகஸ் 2007 டிசம்பரில் மிச்சிகன் போனார். மூன்று ஆண்டுகளில் 15 வெற்றி, 22 தோல்வி. அவர் திறமையற்றவர் அல்ல. வெஸ்ட் வர்ஜீனியாவில் அவர் சாதித்தது கொஞ்சமல்ல. அவருடைய விரைவான பாணிக்கேற்ற வீரர்கள் மிச்சிகனில் இல்லை. அந்தப் பாணியை ஏற்கும் மனமும் அங்கே பலரிடம் இல்லை. நல்ல பயிற்சியாளர் என்று ஒருவரைத் தனியாகச் சொல்ல முடியாது. எந்த இடத்துக்கு நல்லவர் என்றுதான் கேட்க வேண்டும்.

கேள்வி: நான் டெக்சஸ் ஏ அண்ட் எம் பழைய மாணவன். வேலையை விட்டு அனுப்பப்பட்டவருக்கு 7 கோடி டாலருக்கு மேல் தந்தது என் பல்கலைக்கழகம்தான். இப்படியும் ஒப்பந்தம் போடுவார்களா?
— ஒரு வாசகர், ஹூஸ்டன்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. 2017 டிசம்பரில் ஜிம்போ ஃபிஷருக்கு 10 ஆண்டுகளுக்கு ஏழரைக் கோடி டாலர், முழுவதும் உத்தரவாதம் என்று ஒப்பந்தம். பல்கலைக்கழக அமைப்பின் தலைமை நிர்வாகி அவருக்கு ஒரு பலகையை முன்கூட்டியே பரிசளித்தார். தேசிய வெற்றியாளர் என்று பொறித்து, ஆண்டு எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக விடப்பட்ட பலகை. அந்த இடம் கடைசிவரை நிரம்பவில்லை.

என்னை அதைவிட உறுத்துவது 2021. முந்தைய பருவத்தில் அணி ஒன்பது வெற்றி, ஒரே தோல்வி. வேறு யாரும் கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்ற அச்சத்தில் ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டி, சம்பளத்தையும் உயர்த்தினார்கள். 2023 நவம்பரில், மிசிசிப்பி ஸ்டேட்டை 51–10 என்று வென்ற மறுநாள், அவரை நீக்கினார்கள். இழப்பீடு 7 கோடியே 60 லட்சம் டாலருக்கும் மேல். பணம் போனது ஆளைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததால் மட்டும் அல்ல. 2013இல் ஃபுளோரிடா ஸ்டேட்டுக்குப் பட்டம் வாங்கித் தந்தவரை விரும்பியதில் குற்றமில்லை. பிரிய நேர்ந்தால் என்ன என்பதை யோசிக்காமல் கையெழுத்திட்டதுதான் குற்றம்.

அவருக்குப் பின் வந்த மைக் எல்கோ, அதே ஃபிஷரிடம் தடுப்பாட்டப் பொறுப்பில் இருந்தவர். இடையில் டியூக் போய், மூன்று ஆட்டங்களே வென்றிருந்த அணியை முதல் ஆண்டிலேயே ஒன்பது வெற்றிக்கு உயர்த்திக் காட்டினார்.

கேள்வி: தொழில்முறை அணியில் கோப்பைகளைக் குவித்தவர் கல்லூரிக்கு வந்தால் வெற்றி நிச்சயம்தானே?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: இல்லை. தலைமைப் பயிற்சியாளராக ஆறு சூப்பர் பௌல் வென்ற பில் பெலிசிக் 2024 டிசம்பரில் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 2025இல் முதல் ஆட்டத்திலேயே டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்திடம் 48–14 என்று தோற்றார். தொழில்முறை அணியில் வீரர் சம்பளக்காரர், முதிர்ந்தவர். கல்லூரியில் அவர் தேர்வு எழுதும் மாணவர்.

மாறாக, யாரும் பார்க்காத இடங்களில் அணி கட்டியவர்களைக் கவனியுங்கள். கர்ட் சிக்னெட்டி அலபாமாவில் சேபனின் உதவியாளர். 2011இல் சம்பளம் வெகுவாகக் குறைந்தும், பென்சில்வேனியாவில் ஓர் இரண்டாம் நிலைக் கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். பிறகு ஈலான், ஜேம்ஸ் மேடிசன் என்று படிப்படியாக ஏறி, 62 வயதில் இண்டியானாவுக்கு வந்தார். முந்தைய ஆண்டு மூன்று வெற்றி பெற்றிருந்த அந்த அணி 2024இல் 11 ஆட்டங்களை வென்றது. அதற்கு முன் அதன் வரலாற்றில் பத்து வெற்றி கண்ட பருவமே கிடையாது. கான்சஸின் லான்ஸ் லைபோல்ட், விஸ்கான்சின்–ஒயிட்வாட்டர் என்ற மூன்றாம் நிலைக் கல்லூரியில் 109 வெற்றி, ஆறே தோல்வி. சேபனின் இடத்துக்கு வந்த கேலன் டிபோர், சூ ஃபால்ஸ் என்ற சிறு கல்லூரியில் 67 வெற்றி, மூன்று தோல்வி. அந்த மாதிரி இடங்களில் அரங்கு சிறியது, பணம் கிடையாது, உதவியாளர்கள் மிகக் குறைவு. எல்லாவற்றையும் தானே செய்து பழகியவர்கள் இவர்கள். எனக்கு இவர்கள்மேல்தான் நம்பிக்கை.

கேள்வி: தோற்றுக்கொண்டிருப்பவருக்கு எத்தனை ஆண்டு அவகாசம் தரலாம்?
— ஒரு வாசகி, டெட்ராய்ட்

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே விடை இருக்கிறது. 2020இல் ஜிம் ஹார்பாவின் மிச்சிகன் அணிக்கு இரண்டு வெற்றி, நான்கு தோல்வி. பரம வைரியான ஓஹையோ ஸ்டேட்டை அதுவரை அவர் வென்றதே இல்லை. விரட்டச் சொன்னவர்கள் ஏராளம். இயக்குநர் வார்ட் மானுவல் அவரை நீக்காமல் சம்பளத்தைக் குறைத்தார். ஹார்பா உதவியாளர்கள் பலரை மாற்றினார். 2021இல் ஓஹையோ ஸ்டேட்டை 42–27 என்று வென்றார்கள். 2023 பருவத்தில் தேசியப் பட்டம். அதே பருவத்தில் விதிமீறல் விவகாரங்களால் அவர் இருமுறை இடைநீக்கம் செய்யப்பட்டதையும் மறைக்கக் கூடாது. ஆண்டுக் கணக்கு எதற்கும் உதவாது. தன் வழியை மாற்றிக்கொள்ள அவர் தயாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: தேர்வுக் குழுவில் நீங்கள் இருந்தால் என்ன கேட்பீர்கள்?
— ஒரு வாசகர், லிங்கன்

பதில்: ஆளை அழைப்பதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடுவேன். அவருடைய பழைய கல்லூரியில் வீரர்களின் உடைகளையும் கவசங்களையும் கவனித்துக்கொள்ளும் ஊழியரிடம் பேசுவேன். காயத்துக்குக் கட்டுப் போடுபவரிடம் பேசுவேன். பாடம் சொல்லித்தரும் ஆலோசகரிடம் பேசுவேன். நான்கு ஆண்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ஒரு பையனின் பெற்றோரிடம் கட்டாயம் பேசுவேன். நட்சத்திர வீரனின் அப்பா எப்படியும் புகழ்வார்.

அறைக்குள் வந்ததும் கொள்கை விளக்கம் கேட்க மாட்டேன். "செவ்வாய்க்கிழமைப் பயிற்சியை நிமிடம் நிமிடமாகத் தாளில் எழுதிக் காட்டுங்கள்" என்பேன். செவ்வாய்தான் வாரத்தின் கடினமான பயிற்சி நாள். எதை எவ்வளவு நேரம் செய்கிறார் என்பதில் அவருடைய ஆட்டம் தெரிந்துவிடும். நெப்ராஸ்காவின் மக்கள்தொகை சுமார் 20 லட்சம்தான். வீரர்களை டெக்சஸிலும் ஃபுளோரிடாவிலும் தேட வேண்டும். அங்கே எந்தப் பள்ளிப் பயிற்சியாளர் இவருடைய தொலைபேசியை எடுப்பார் என்று கேட்பேன். 2021 முதல் வீரர்கள் ஓர் ஆண்டு காத்திருக்காமலே கல்லூரி மாறலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்குப் பணம் தரலாம். ஒரு கல்லூரிக்கு ஆண்டு உச்சவரம்பு சுமார் 2 கோடி டாலர். அந்தப் பணத்தை எந்த இடத்து வீரர்களுக்கு முதலில் ஒதுக்குவார், ஏன் என்று கேட்பேன். குவார்ட்டர்பேக்குக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவதாக யாரைச் சொல்கிறார் என்பதைக் குறித்துக்கொள்வேன்.

முன்னவர் என்ன தவறு செய்தார் என்று மட்டும் கேட்கவே மாட்டேன்.

பிறகு, கூட அழைத்து வரப்போகும் உதவியாளர்களின் பட்டியல். குறிப்பாக, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை வீரர்களின் பயிற்சியாளர் யார், அவர் வர ஒப்புக்கொண்டுவிட்டாரா என்று கேட்பேன். அந்த ஒரு பெயரைச் சொல்லத் தெரியாதவருக்குக் காபி கொடுத்து, நன்றி சொல்லி, அடுத்தவரை உள்ளே அழைப்பேன்.